மூக்கை மறந்து கண்ணாடி வாங்காதீர்கள்

கடைக்கு ஃபிரேம் பார்க்க வருகிறவர்கள் செய்வது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஒன்றை எடுத்து மாட்டுவார்கள், முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார்கள், கூட வந்தவரிடம் "எப்படி இருக்கு?" என்பார்கள், ஒரு செல்ஃபி எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். பத்து நிமிஷத்தில் முடிவாகிவிடும். மூக்கில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் லென்ஸ் ஃபிட்டிங் வேலையில் இருப்பவன். அந்தப் பத்து நிமிஷத்தின் விளைவு இரண்டு வாரம் கழித்து என் மேஜைக்கு வரும். வழுக்கிக்கொண்டே இருக்கிறது, தலை வலிக்கிறது, ஓரம் தடியாகத் தெரிகிறது.

தமிழில் இதற்கு மூக்குக்கண்ணாடி என்று பெயர் வைத்தவர் விஷயம் தெரிந்தவர். எடையில் பெரும்பங்கைச் சுமப்பது மூக்கு. காதுக் கம்பி நழுவாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சரித்திரமும் அப்படித்தான். 1306இல் பிளாரன்ஸ் நகரில் ஒரு பாதிரியார் பிரசங்கத்தில், கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது வருஷம்கூட ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துக் கண்ணாடிக்குக் கம்பி கிடையாது. இரண்டு லென்ஸை நடுவில் ஓர் ஆணியால் சேர்த்து, மூக்கின் மேல் வைத்துக்கொள்வார்கள் அல்லது கையில் பிடித்துக்கொள்வார்கள். இடையில் சிலர் நூல் கட்டிக் காதில் சுற்றிப் பார்த்தார்கள். விறைப்பான பக்கக் கம்பி பரவலானது 18ஆம் நூற்றாண்டில்தான். லண்டனில் 1730ஐ ஒட்டி எட்வர்ட் ஸ்கார்லெட் என்பவர் அதை விற்றிருக்கிறார். நானூறு வருஷத்துக்கு மேல் மூக்கை நம்பியே உலகம் படித்திருக்கிறது.

கம்பியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்குவது

உங்கள் கண்ணாடியைக் கழற்றிக் காதுக் கம்பியின் உட்பக்கம் பாருங்கள். 52□18 140 என்பதுபோல எண்கள் இருக்கும். 52 என்பது ஒரு லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். 18 என்பது இரண்டு லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அதாவது மூக்குப் பாலம். 140 என்பது கம்பியின் நீளம், காதுக்குப் பின்னால் மடங்கும் பகுதியையும் சேர்த்து. முதல் இரண்டையும் கூட்டினால் 70. இந்தக் கூட்டுத்தொகையை உங்கள் இரண்டு கண் பாப்பாக்களுக்கும் இடையிலான தூரத்தோடு, கடையில் பி.டி. என்பார்களே, அதோடு ஒப்பிட வேண்டும். பெரியவர்கள் பலருக்கு அது 60க்கும் 66க்கும் நடுவில் வரும்.

ஏன் ஒப்பிட வேண்டும்? ஒரு கல்லூரிப் பையனின் கதையைச் சொல்கிறேன். கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. பி.டி. 62. அவனுக்குப் பிடித்த ஃபிரேம் 56□18, பெரிய சதுரம். 56ம் 18ம் 74. அவனுடைய 62ஐக் கழித்தால் 12 மிச்சம், ஒரு கண்ணுக்கு 6 மி.மீ. ஆக, லென்ஸின் ஒளி மையம் கண் பாப்பாவுக்கு நேரே வர, அதை நான் ஃபிரேமின் நடுவிலிருந்து 6 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளி வைத்தாக வேண்டும். தள்ளாமல் விட்டால் லென்ஸ் ஒரு பட்டகம்போல வேலை செய்யும். மைனஸ் 6 பவரில் 6 மி.மீ. விலகல் என்றால் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பொருளை 3.6 செ.மீ. நகர்த்திக் காட்டும், அதுவும் ஒவ்வொரு கண்ணுக்கும். கண் தசைகள் நாள் முழுக்க அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். "புதுக் கண்ணாடி, பழகிடும்" என்று சொல்லி அனுப்பப்படும் தலைவலிகளில் சில இந்த வகை.

சரி, தள்ளி வைத்தாயிற்று. இப்போது காதுப் பக்கத்து ஓரம் மையத்திலிருந்து வெகுதூரம் போய்விட்டது. மைனஸ் லென்ஸ் ஓரத்துக்குப் போகப்போகத் தடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் அந்த ஓரம் மையத்தைவிட ஏறக்குறைய 7 மி.மீ. கூடுதல் தடிப்பு. பையனின் அப்பா, "காசு போனால் போகட்டும், மெல்லிசான லென்ஸ் போடுங்க" என்றார். இன்டெக்ஸ், அதாவது ஒளியை வளைக்கும் திறன், 1.67 உள்ள மெல்லிய லென்ஸ் போட்டாலும் 5 மி.மீ.க்குக் குறையவில்லை. அதே பையன் 46□18 என்ற சின்ன ஃபிரேமை எடுத்திருந்தால், சாதாரண லென்ஸிலேயே மூன்றரை மி.மீ.யில் முடிந்திருக்கும். விலை கூடிய லென்ஸைவிடச் சின்ன ஃபிரேம் அதிகம் மெலிய வைக்கிறது. இதைச் சொன்னால் கடைக்கு வியாபாரம் குறையும் என்பதாலோ என்னவோ, அதிகம் பேர் சொல்வதில்லை.

மெல்லிய லென்ஸுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்காமல் இருக்கும் தன்மையை ஆபே எண் என்று அளப்பார்கள். அதிகமாக இருந்தால் நல்லது. சி.ஆர்.-39 என்ற பழைய பிளாஸ்டிக்குக்கு அது 58. 1.67க்கு 32 போல. பாலிகார்பனேட்டுக்கு 30. பவர் அதிகமுள்ளவர்கள் லென்ஸின் ஓரம் வழியாக டியூப்லைட்டைப் பார்த்தால் நீல, மஞ்சள் கரை தெரிவது இதனால்தான். அதற்காக பாலிகார்பனேட்டை ஒதுக்கவும் கூடாது. குழந்தைகளுக்கும், லென்ஸிலேயே துளை போட்டு மாட்டும் ரிம்லெஸ் ஃபிரேமுக்கும் அதன் உறுதி தேவை. ரிம்லெஸ்ஸில் சாதாரண பிளாஸ்டிக்கைப் போட்டால் துளையைச் சுற்றி முடிபோல விரிசல் ஓடும்.

வழுக்கினால் கம்பியை இறுக்குவது

வழுக்குகிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், "காதுகிட்ட கொஞ்சம் டைட் பண்ணிக் கொடுங்க" என்பார்கள். இரண்டு கம்பியையும் உள்பக்கம் வளைத்தால் அவை நெற்றிப்பொட்டை அழுத்தும். அங்கிருந்து முன்னால் போகப்போகத் தலை குறுகலாகிறது. அழுத்தம் கண்ணாடியை முன்னாலேயே தள்ளிவிடும். கம்பி தலையைத் தொட வேண்டியது காதை ஒட்டித்தான்; வளைவு காது மேல்நுனியைத் தாண்டியதும் தொடங்க வேண்டும். பல கண்ணாடிகளில் அது ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கும், அந்த ஒரு சென்டிமீட்டரும் கண்ணாடி கீழே இறங்கும்.

அதைவிட முக்கியம் மூக்கு. ஷெல் ஃபிரேம் எனப்படும் பிளாஸ்டிக் ஃபிரேம்களில் பாலம் வார்த்தது வார்த்ததுதான், நம் மூக்குக்காக மாறாது. பாலம் தாழ்ந்த, அகன்ற மூக்குக்காரர்களுக்கு ஷெல் ஃபிரேம் கன்னத்தில் உட்காரும். சிரித்தால் மேலே ஏறும். அப்படி ஏறினால் அந்த ஃபிரேம் உங்களுக்கில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும். பேட், அதாவது மூக்கில் படும் குட்டித் திண்டு, வைத்த மெட்டல் ஃபிரேமில் பேடைத் தாங்கும் குட்டிக் கம்பியைக் குறட்டால் வளைத்து எந்த மூக்குக்கும் பொருத்தலாம். சரியாக இருக்கிறதா என்று தெரிய ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி மூக்கைப் பாருங்கள். நீள்வட்டமாக லேசாகச் சிவந்திருந்தால் பேட் முழுதாகப் பட்டிருக்கிறது. பிறை மாதிரி ஆழமான கோடு விழுந்திருந்தால் ஓரம் மட்டும் குத்துகிறது.

வழுக்குவது அழகுப் பிரச்சினை மட்டுமில்லை. மைனஸ் 8 போட்டவரின் கண்ணாடி 8 மி.மீ. கீழிறங்கிக் கண்ணை விட்டுத் தள்ளிப்போனால், பவர் அரை டயாப்டர், அதாவது மைனஸ் 8 ஏழரை ஆனது போலக் குறையும். கிட்டப்பார்வைக்காரத் தாத்தா மூக்கு நுனிக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு பேப்பர் படிப்பாரே, அவர் வெள்ளெழுத்துக்குச் செலவில்லாமல் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்.

காந்தி கண்ணாடியும் கம்பியில்லாக் கண்ணாடியும்

வட்ட ஃபிரேமை நம் ஊரில் காந்தி கண்ணாடி என்பார்கள். காந்தியுடையது என்று சொல்லப்பட்ட ஒன்று 2020இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2,60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. சின்ன வட்டம் அதிக பவருக்கு அருமையான வடிவம். ஒரே ஒரு கண்ணி அதில் உண்டு. உங்கள் டாக்டர் சீட்டில் சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்யும் பவர், இருந்தால், அதற்கு ஆக்சிஸ் என்று ஒரு கோணமும் எழுதியிருக்கும். சதுர ஃபிரேமில் லென்ஸ் திரும்ப வழியில்லை. வட்டத்தில் ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்தாலே, துடைக்கும்போது விரலோடு லென்ஸும் சுழலும். 30 டிகிரி திரும்பினால் அந்த சிலிண்டர் போட்டும் போடாததற்குச் சமம். திடீரென்று ஒரு கண் மங்கினால் பவர் ஏறிவிட்டது என்று பயப்படுவதற்கு முன் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

இதே சிக்கலோடு ஒரு நூற்றாண்டு மல்லுக்கட்டியதுதான் கம்பியே இல்லாமல் மூக்கைக் கவ்வி நிற்கும் கண்ணாடி. பிரெஞ்சில் அதற்குப் பேன்ஸ்-நே என்று பெயர், மூக்கைக் கிள்ளுவது என்று அர்த்தம். அவர்களும் பெயரில் மூக்கை விடவில்லை. அமெரிக்க ஜனாதிபதிகள் தியோடர் ரூஸ்வெல்ட், உட்ரோ வில்சன் படங்களில் பார்க்கலாம். ஆரம்பத்தில் நடுவில் சி வடிவ ஸ்பிரிங் ஒன்றுதான் இருந்தது. அதை விரித்து மூக்கில் வைத்தால், மூக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு லென்ஸும் சாய்ந்து திரும்பிவிடும். சிலிண்டர் பவருக்கு அது ஆகவே ஆகாது. அப்புறம் லென்ஸ்கள் திரும்பாமல் நேர்கோட்டில் விலகும்படி கிடைமட்ட ஸ்பிரிங் வந்தது. கடைசியாக, பாலத்தை அசையாமல் வைத்துவிட்டு, பேடுகளை மட்டும் இரண்டு குட்டி நெம்புகோலால் திறந்து மூடும் வகை வந்தது. விரல் இரண்டால் கிள்ளித் திறந்து, வைத்து, விட வேண்டியதுதான். வழுக்காமலிருக்க பேடில் தக்கை ஒட்டியதும் உண்டு. விழுந்தால் பிடிக்கக் கயிறோ சங்கிலியோ கோட்டில் தொங்கும்.

இன்று சாவிக்கொத்தில் தொங்கும் மெல்லிய ரீடிங் கிளாஸாக இது திரும்பி வந்திருக்கிறது. அதை வாங்குகிறவர்கள் செய்யும் தவறு, அதை முழுக் கண்ணாடியாக நினைப்பது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது, மையங்களின் தூரமும் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே. ஹோட்டல் பில், மாத்திரை அட்டை படிக்கலாம். மூன்று மணி நேரம் புத்தகம் வாசிக்க அல்ல. வாங்கும்போது இறுக்கமானதைத் தேடாதீர்கள், ஸ்பிரிங்கின் வலுவைவிட வைக்கும் இடம்தான் முக்கியம். மூக்கில் எலும்பு இருக்கும் மேல்பகுதியின் பக்கவாட்டில் வைக்க வேண்டும். கீழே மெதுவான சதையில் வைத்தால் மூச்சு அடைத்து, ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி பேசுவீர்கள்.

புள்ளி வைக்கும் நேரம்

ப்ரோக்ரெசிவ் லென்ஸ், அதாவது மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் பவர் படிப்படியாக மாறும் லென்ஸ், வாங்குகிறவர்கள் மட்டும் இதைக் கவனித்தால் போதும். கடைக்காரர் உங்கள் எதிரே உட்கார்ந்து, ஃபிரேமில் இருக்கும் டெமோ லென்ஸில் உங்கள் கண் பாப்பாவுக்கு நேரே மார்க்கரால் புள்ளி வைப்பார். அதற்கு முன்னாலேயே பேட், கம்பி எல்லாம் உங்கள் முகத்துக்கு வளைத்து முடித்திருக்க வேண்டும். புள்ளி வைத்துவிட்டு, லென்ஸ் வந்தபிறகு ஃபிரேமைச் சரிசெய்தால் கண்ணாடி 3 மி.மீ. ஏறவோ இறங்கவோ செய்யும். இறங்கினால், படிக்கும் பகுதி தாடையைத் தூக்கினால்தான் கிடைக்கும். இரண்டு கண்ணுக்கும் தூரத்தைத் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள், நம்மில் பலருக்கு மூக்கு சரியாக நடுவில் இல்லை. புள்ளி வைக்கும்போது வழக்கமாக உட்காருவது போல உட்காருங்கள். போட்டோவுக்கு நிமிர்வது போல விறைத்தால் புள்ளியும் தப்பு.

மற்றவை சின்ன விஷயங்கள். ஒற்றைக் கையால் கழற்றாதீர்கள், கம்பி ஒரு பக்கம் விரிந்துபோகும். தலைமேல் ஏற்றி வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்தால் கோட்டிங் வெடிக்கும், ஷெல் ஃபிரேம் கோணும். வேட்டி நுனியால் காய்ந்த தூசியைத் தேய்க்காமல் முதலில் தண்ணீரில் காட்டுங்கள்.

புதுக் கண்ணாடி கைக்கு வந்ததும், கம்பிகளை விரித்துத் தலைகீழாகக் கடையின் கண்ணாடி மேஜைமேல் வையுங்கள். ஃபிரேமின் மேல்விளிம்பும் இரண்டு கம்பிகளும் மேஜையைத் தொட வேண்டும். ஒரு கம்பி ஆடும் நாற்காலிக் கால் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றால் பணம் கொடுப்பதற்கு முன் திருப்பிக் கொடுங்கள். ஹீட்டரில் காட்டி நேராக்க இரண்டு நிமிஷம்தான் ஆகும்.