ரீகால் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள்: உங்கள் காரை நீங்களே சரிபார்க்கும் வழி

கார் கம்பெனி ரீகால் அறிவித்தால், அதாவது குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துத் தன் செலவில் சரிசெய்வதாகச் சொன்னால், கடிதமும் எஸ்.எம்.எஸ்.ஸும் பெரும்பாலும் கார் வாங்கியபோது ஷோரூமில் கொடுத்த முகவரிக்கும் போன் நம்பருக்கும்தான் போகும். செட்டிநாட்டு வண்டிகளுக்கு அந்த முகவரியில் இப்போது யார் இருக்கிறார்கள்? கார் கானாடுகாத்தானில் நிற்கும், ஆர்.சி.யில் சென்னை முகவரி இருக்கும், வாங்கியவர் சிங்கப்பூரில் இருப்பார். இல்லையென்றால் சென்னையில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற வண்டியைக் காரைக்குடியில் ஒருவர் வாங்கியிருப்பார். கடிதம் வரவில்லை, ஆகவே வண்டியில் குறையில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் கார்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும்தான் வீட்டுக்காரர்கள் ஊருக்கு வருவார்கள். மற்ற நாளில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைப்பது, டயருக்குக் காற்றுப் பிடிப்பது, சர்வீஸுக்கு விட்டு எடுப்பது எல்லாம் நான். பெரும்பாலும் நடுத்தர செடான் வண்டிகள். வந்து இறங்கியதும் குடும்பத்தோடு ஏறி பிள்ளையார்பட்டிக்கும் மதுரைக்கும் போகிறவர்கள், வண்டி சரியாக இருக்கும் என்று என்னை நம்பித்தான் ஏறுகிறார்கள். அதனால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ரீகால் வருவது ஏதோ மூலையில் இருக்கும் சின்ன பாகத்துக்காக மட்டும் இல்லை. 2021 செப்டம்பரில் மாருதி சுசூகி 1,81,754 பெட்ரோல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சியாஸ், எர்டிகா, எக்ஸ்.எல்.6 எல்லாம் அதில் உண்டு. 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை. எஞ்சினுக்குத் துணையாக இருக்கும் மின்கருவியான மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டை நவம்பரில் மாற்றத் தொடங்குவோம், அதுவரை தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டாதீர்கள், மின்பாகங்கள் மேல் நேராகத் தண்ணீர் அடிக்காதீர்கள் என்று கம்பெனி சொன்னது. நம் ஊரில் அது ஐப்பசி மழை நேரம். ஊருணிக் கரை ரோடு முழுக்கத் தண்ணீர் நிற்கும். போனட்டைத் திறந்து ஹோஸ் பைப்பால் எஞ்சின் மேல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற பழக்கமும் இங்கே உண்டு. கடிதம் கிடைக்காதவருக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 வண்டிகளுக்கு ஃபியூயல் பம்ப் மாற்றித் தருவதாக அறிவித்தது. சிட்டியும் அதில் வரும். பம்புக்குள் சுழன்று பெட்ரோலைத் தள்ளும் இம்பெல்லரில் குறை. ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றுவிடலாம். தகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக் விஷயம் இதைவிட மோசம். அதில் வாயுவை உண்டாக்கும் அமோனியம் நைட்ரேட், வருடக்கணக்காக வெயிலும் ஈரப்பதமும் பட்டால் கெட்டுப்போகும். பிறகு விபத்தில் ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடே சிதறி ஆள் மேல் பாயலாம். ஹோண்டாவின் பழைய சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்டு வண்டிகளுக்கு அந்த ரீகால் இருந்தது. வண்டி பழசு, இனி என்ன பார்ப்பது என்று நினைக்க வேண்டாம். பழைய வண்டிக்குத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பார்ப்பது சுலபம். ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பர், அதாவது அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரிய அடையாள எண், எழுத்தும் எண்ணுமாக 17 இடத்தில் இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பைன் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் அந்த நம்பரைப் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று சொல்லிவிடும். இந்த 17 எழுத்தில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம் (0), கோடாகத் தெரிந்தால் அது ஒன்று (1). ஓ போட்டுவிட்டு "நம்பர் தவறு என்று வருகிறது" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆர்.சி. மங்கியிருந்தால் வண்டியில் அடித்திருக்கும் நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டு வண்டிக்கு அப்படிப் பார்த்தபோது ரீகால் பாக்கி என்று வந்தது. ஆச்சி நம்பவில்லை. "ஏப்பா, எனக்கு ஒரு கடுதாசியும் வரலையே?" என்றார்கள். ஷோரூம் கணக்கில் இருந்தது காலமாகிவிட்ட செட்டியாருடைய போன் நம்பர்; முகவரி, எப்போதோ விற்றுவிட்ட சென்னை ஃபிளாட். சர்வீஸ் சென்டருக்குப் போனால் "பார்ட்ஸ் வரல, வந்ததும் கூப்பிடறோம்" என்றார்கள். அதோடு நான் திரும்பவில்லை. முதலில் கணக்கில் முகவரியையும் நம்பரையும் மாற்றச் சொன்னேன். அப்புறம் சேஸிஸ் நம்பர் போட்டு, ரீகால் வேலைக்கு வந்தோம், பாகம் இருப்பில் இல்லை என்று தேதியோடு ஜாப் கார்டில் (வண்டிக்கு என்ன வேலை என்று சர்வீஸ் சென்டர் எழுதும் தாள்) எழுதி வாங்கினேன். பாகம் வரும்வரை வண்டியை ஓட்டலாமா, கூடாதா என்பதையும் எழுத்தில் கேட்டேன். இந்த மூன்றையும் நீங்களும் கேளுங்கள். ரீகால் வேலைக்குப் பாகமும் கூலியும் கம்பெனி செலவு. அதைச் செய்ய வேண்டுமானால் ஜெனரல் சர்வீஸும் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, பட்டியலில் உங்கள் வண்டி இல்லை, ஆனால் கோளாறு இருக்கிறது. அப்போது புகாரை எழுதுகிற விதம்தான் முக்கியம். "வண்டி அப்பப்ப நின்னுடுது" என்றால் ஒன்றும் நடக்காது. இப்படி எழுதுங்கள்: "திருமயம் தாண்டி, மதியம் இரண்டு மணி, ஏசி ஓடியது, நாலாவது கியர், 60 கி.மீ. வேகம். ஆக்சிலரேட்டர் மிதித்தும் இழுவை இல்லாமல் எஞ்சின் நின்றது. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது." கூடவே மீட்டரில் ஓடிய கிலோமீட்டரும், டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது என்ற படமும். சர்வீஸ் சென்டரில் புகாரை எழுதிக்கொள்ளும் அட்வைசர் இதைச் சுருக்கி 'ஜெனரல் செக்கப்' என்று எழுதுவார்; நீங்கள் சொன்ன வார்த்தையே ஜாப் கார்டில் வர வேண்டும் என்று நில்லுங்கள். ஸ்கேனர் போட்டால் வரும் கோளாறுக் குறியீடுகளின் பிரிண்ட் கேளுங்கள். கோளாறு பிடிபடவில்லை என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே கோளாறு வந்தால், முன்பே சொன்னோம் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். ஒரு மாடல் வருடத்துக்கு எத்தனை விற்கிறதோ அதற்கேற்ற எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் அரசு கையில் எடுக்கும். புகாரை மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தின் ரீகால் பக்கத்தில் வண்டிக்காரரே பதியலாம். டீக்கடையில் நாம் எவ்வளவு புலம்பினாலும் அந்தக் கணக்கில் ஏறாது. ஒரே மாடல் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள்.

கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காரைச் சென்னையில் வாங்கினீர்கள் என்பதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காரைக்குடிக்காரர்களுக்குச் சிவகங்கை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சேஸிஸ் நம்பரை வாங்கிப் பாருங்கள். பாக்கி இருந்தால் விற்கிறவரையே முடித்துத் தரச் சொல்லுங்கள். பெயர் மாற்றியதும் உங்கள் நம்பரையும் முகவரியையும் கம்பெனிக் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள், ஆர்.டி.ஓ.வில் மாறினால் அங்கேயும் தானாக மாறிவிடும் என்று இருக்காதீர்கள். ஒரு முறை பார்த்துவிட்டோம் என்றும் விட்டுவிட வேண்டாம், வண்டி வாங்கிப் பல வருடம் கழித்தும் ரீகால் வருகிறது. நான் ஒவ்வொரு வண்டிக்கும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் அன்றைக்கே சேஸிஸ் நம்பரையும் போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துப் பாலிசியோடு சேர்த்து வைத்துவிடுகிறேன்.