நீ சொல்லு, தாத்தா எழுதுறேன்

உத்தியோகத்தில் இருந்த 31 வருஷமும் அதிகாரிகள் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்தவன் நான். இப்போது எனக்கு ஒரே அதிகாரி, நாலு வயதுப் பேத்தி. அவள் கதை சொல்கிறாள், நான் எழுதுகிறேன். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் விதத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கதையைக் குழந்தையிடமிருந்து வாங்குவதும், வாங்கியதை வைத்து விளையாடுவதும்தான் எனக்குத் தெரிந்த வேலை.

ஒரு நோட்டும் பேனாவும் போதும். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எழுத்து குழந்தைக்கு நேராகத் தெரிய வேண்டும். "ஒரு கதை சொல்றியா, எழுதிக்கிறேன்" என்று கேளுங்கள். எழுதும்போது ஒவ்வொரு வார்த்தையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். தான் சொன்னது காகிதத்தில் இறங்குவதைக் குழந்தை பார்க்கும். இரண்டு மூன்று நாளில் உங்கள் கைக்காக நிறுத்தி நிறுத்திச் சொல்லவும் கற்றுக்கொள்ளும். வேகமாக எடுக்கலாமே என்று முதல் நாள் நான் சுருக்கெழுத்தில் எழுதினேன். எட்டிப் பார்த்தவள், "தாத்தா, இது கிறுக்கல்" என்றாள். அன்றிலிருந்து கொட்டை எழுத்துதான்.

ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டு வரி வந்தாலே பெரிய கதை. நடுவில் குழந்தை நின்றுவிட்டால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அப்புறமும் வரவில்லையா, "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரலை ஓட்டியபடி முழுதாக வாசித்துக் காட்டுங்கள். மாற்ற வேண்டுமென்றால் குழந்தை மாற்றலாம், நீங்கள் மாற்றக்கூடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் அவள் சொன்னது இது: "ஒரு நாய் இருந்துச்சு. அது படியில ஏறுச்சு. படி போயிடுச்சு. நாய் அழுதுச்சு." நான் பேனாவை நிறுத்திவிட்டு, "படி எங்கேம்மா போகும்? நாய்தானே போகும்?" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் கதையே கிடையாது. அப்புறம் என் மகள் சொல்லித்தான் தெரிந்தது: அந்த வாரம் பிள்ளை முதன்முதலாக எஸ்கலேட்டரைப் பார்த்திருக்கிறாள், ஏற மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். படி நிஜமாகவே போயிருக்கிறது! உளறல் என்று நாம் நினைக்கும் வரியில்தான் விஷயம் இருக்கும். எழுவாய் பயனிலை பார்ப்பதெல்லாம் பள்ளிக்கூடத்து வேலை, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

எழுதிய கதையை அன்றைக்கே நடித்துவிடுங்கள், மறுநாள் என்றால் சூடு ஆறிவிடும். தரையில் ஒரு போர்வையை விரித்தால் அதுதான் மேடை. யார் எந்த வேஷம் என்பதைக் கதை சொன்னவர் முடிவு செய்வார். நீங்கள் மெதுவாக வாசிக்க, மற்றவர்கள் செய்து காட்ட வேண்டும். ஒப்பனை, உடுப்பு எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் பாட்டிதான் படி. இரண்டரை வயதுப் பேரன் எந்தக் கதையானாலும் நாய். சண்டைக் காட்சி வந்தால் ஒரே சட்டம், தொடாமல் சண்டை போட வேண்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருந்த விவியன் பேலி, பிள்ளைகள் சொன்ன கதையை எழுதி வகுப்பிலேயே நடிக்க வைப்பதை வழக்கமாக வைத்திருந்தார். 1989-ல் அவருக்கு மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் என்ற பெரிய அமெரிக்க விருது கிடைத்தது.

அதே கதையை நிழலிலும் ஆடலாம். இதற்கு டியூப் லைட் ஆகாது, நீளமான விளக்கில் நிழல் கலங்கிவிடும். ஒரே புள்ளியிலிருந்து வெளிச்சம் வர வேண்டும், செல்போன் டார்ச் நன்றாக வேலை செய்கிறது. அதைக் கையில் பிடிக்காமல் புத்தக அடுக்கில் சாய்த்து வையுங்கள், கை ஆடினால் எல்லாமே ஆடும். கெட்டி அட்டையில் நாயை வெட்டி ஒரு குச்சியில் ஒட்டுங்கள். விளக்குப் பக்கம் கொண்டுபோனால் நாய் பூதமாகும், ஓரம் மங்கும். சுவர்ப் பக்கம் கொண்டுபோனால் சின்னதாகி, கத்தரித்த மாதிரி தெளிவாகத் தெரியும். இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம், குச்சியைக் கையில் கொடுத்தால் தானே கண்டுபிடித்துவிடும். தூங்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி பூத நாயைப் பார்த்த பேரன் பதினொரு மணி வரை தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. விளையாட்டு டார்ச் வாங்குவதானால் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் காசு மாதிரியான பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும்.

கதைப் பையும் இருக்கிறது. சாவி, கரண்டி, ஒற்றைச் சாக்ஸ் என்று நாலைந்து பொருளைத் துணிப்பையில் போட்டு, கையை விட்டு எடுத்தது கதையில் வர வேண்டும் என்று விளையாடுவது. மழை நாளுக்கு நல்லது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை கூட இருந்தால், டிஷ்யூ ரோல் அட்டைக்குழாய்க்குள் நுழையும் எதையும் பையில் போடாதீர்கள். பேரன் எதையும் முதலில் வாயில்தான் வைப்பான்.

சொல்லவே வராத சின்னப் பிள்ளைக்குப் படப் புத்தகம் போதும். நாம் படித்துக்கொண்டே போகாமல், "இது நாயா?" என்பதை விட்டு "இது என்ன பண்ணுது?" என்று கேட்டு, வந்த பதிலில் ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். "நாய் ஓடுது" என்றால் "ஆமாம், கறுப்பு நாய் ஓடுது." இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்து, ஒரே மாதத்தில் பிள்ளைகளின் பேச்சு முன்னேறியதை 1988-ல் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரின் குழுவினர் எழுதியிருக்கிறார்கள்.

கைப்பொம்மை தைக்கிறேன் என்று மட்டும் உட்காராதீர்கள். நான் இரண்டு மணி நேரம் தைத்ததை அவள் இரண்டு நிமிஷம் வைத்திருந்தாள்.

ஒவ்வொரு கதைக்கும் மேலே தேதி போடுங்கள். எங்கள் நோட்டில் 40 கதைகள் சேர்ந்துவிட்டன. போன வாரம் அவளே பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, "நீ சொல்லு, நான் எழுதுறேன்" என்றாள். நான் சொன்னேன். பக்கம் முழுக்க நெளிநெளியாகக் கோடு போட்டுவிட்டு, அதன் கீழே விரலை ஓட்டிப் படித்துக் காட்டினாள். நான் சொன்ன யானை அதில் இல்லை, படி இருந்தது.