சிறு குழுவாக அங்கோர்: சிங்கப்பூரிலிருந்து கிளம்புவோருக்கு ஒரு வழிமுறை

கம்போடியாவின் அங்கோர் போய் வந்த பலர் "எல்லாக் கோயிலும் ஒரே மாதிரிதான்" என்பார்கள். விசாரித்தால், பெரிய பேருந்தில் நாற்பது பேரோடு போய், உச்சி வெயிலில் மேற்கு வாசல் வழியே நுழைந்து, அதே வாசல் வழியே திரும்பியவர்களாக இருப்பார்கள். கெமர் அரசர்கள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டுவரை ஆண்ட தலைநகரின் மிச்சம் அது. சுமார் 400 சதுர கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எந்த நேரத்தில் எந்தச் சுவருக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்பதைச் சரியாக வகுத்துக்கொண்டால் மூன்று நாள் தாராளம்.

குழுவும் முகவரும்

ஆறிலிருந்து எட்டுப் பேர். ஒரே வேனில் பையும் தண்ணீரும் போக எல்லாரும் வசதியாக உட்காரலாம் என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம் வேறு. பாயோன் கோயிலின் மேல்தளத்தில் வாசல்கள் ஒடுக்கம். ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். பதினைந்து பேர் போனால், கடைசி ஆள் உள்ளே வருவதற்குள் வழிகாட்டி விளக்கத்தை முடித்திருப்பார்.

"சிறு குழு" என்று முகவர் சொன்னால் அதிகபட்சம் எத்தனை பேர் என்று எழுத்தில் கேளுங்கள். சிலருக்கு இருபதும் சிறு குழுதான். அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் இறங்கியதும் வேறு குழுவோடு சேர்ப்பார்களா, அங்கோர் நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடக்கமா, ஒரு நாளில் எத்தனை கடைகளில் நிறுத்துவார்கள் என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். பட்டு, ரத்தினக் கடைகளில் போகும் ஒன்றரை மணி நேரம் பெரும்பாலும் காலை வெளிச்சத்திலிருந்துதான் கழியும். முன்பணம் கட்டுமுன், முகவருக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்று இணையத்தில் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

வழிகாட்டி உரிமம் பெற்றவராக, அடையாள அட்டை அணிந்தவராக இருக்க வேண்டும். விளக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைகள் நமக்குத் தெரிந்தவை என்பதால் அது பெரிய குறையில்லை, பெயர்கள்தான் குழப்பும். கெமர் ராமாயணத்தில் 'ப்ரே ரியாம்' என்றால் இராமர், 'நியாங் செடா' சீதை, 'க்ரோங் ரியாப்' இராவணன். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் திகைப்பு குறையும்.

தாள்கள், பருவம், சீட்டு

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குக் கம்போடியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகள், வேலை அனுமதிக்காரர்கள் விசா எடுத்தாக வேண்டும். குழுவில் இரண்டு வகையினரும் இருப்பது நம்மிடையே சகஜம். ஒருவர் மட்டும் சாங்கி விமான நிலையத்திலேயே நின்றுவிடும் சங்கடம் இங்கேதான் வரும். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதியின் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்போடியாவின் மின் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய ஏழு நாளுக்குள் எல்லாரும் நிரப்ப வேண்டும். அது இலவசம்; பணம் கேட்கும் தளம் போலி.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ஆனால் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் கூட்டமும் விலையும் ஏறும். ஜூன் விடுமுறையில் போனால் பிற்பகலில் மழை எதிர்பார்க்கலாம், காலைகள் பெரும்பாலும் தப்பிக்கும். ஏப்ரல் வெயில் வேண்டாம்.

நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37, மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 அமெரிக்க டாலர். மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்தாற்போல் பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். சீட்டில் உங்கள் படம் இருக்கும், ஒருவர் சீட்டில் இன்னொருவர் போக முடியாது. கோயில் வாசலில் விற்க மாட்டார்கள். அதிகாரபூர்வ தளத்திலோ ஊரில் உள்ள சீட்டு மையத்திலோ வாங்க வேண்டும். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சீட்டு வேண்டாம், ஆனால் வயதைக் காட்டக் கடப்பிதழ் கையில் வேண்டும். மாலை 5 மணிக்குப் பிறகு மையத்தில் வாங்கினால் மறுநாளிலிருந்துதான் கணக்கு; அன்றைய அந்தியை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கையில் சின்ன டாலர் நோட்டுகள் வைத்திருங்கள். ஓரம் கிழிந்த நோட்டை வாங்க மாட்டார்கள், ஊசி முனை அளவு கிழிசல் என்றாலும் திருப்பித் தருவார்கள்.

அங்கோர் வாட்: சுவரை எப்படிப் படிப்பது

காலை 5 மணிக்குத் திறக்கிறார்கள். கோயில் மேற்கு பார்த்தது என்பதால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும். எல்லாரும் வடக்குக் குளத்தின் கரையில் முண்டியடிப்பார்கள். உதயம் முடிந்ததும் கூட்டம் காலை உணவுக்குக் கலையும். உங்கள் குழு கலையக் கூடாது. உணவைப் பொட்டலமாகக் கட்டித் தரும்படி முந்தின இரவே விடுதியில் சொல்லிவிட்டு, கோயிலைச் சுற்றிக்கொண்டு நேரே கிழக்குப் பிராகாரத்துக்குப் போங்கள். காலைச் சூரியன் அந்தச் சுவரை நோக்கி இருக்கும், ஆட்களும் இருக்க மாட்டார்கள்.

கிழக்குப் பிராகாரத்தின் தென்பாதியில் பாற்கடல் கடையும் காட்சி, 49 மீட்டர் நீளம். நடுவிலிருந்து தொடங்காதீர்கள். இடது கோடியில் தொடங்குங்கள். வாசுகியின் தலைப்பக்கம் 92 அசுரர்கள், வலப்பக்கம் 88 தேவர்கள், வால் முனையில் வானரம். நடுவில் திருமால், அவருக்குக் கீழே மத்தைத் தாங்கும் ஆமை. அங்கே குனிந்து அடிவரிசையைப் பாருங்கள். ஓரங்களில் மீனும் முதலையும் முழுதாக நீந்துகின்றன. மத்தை நெருங்க நெருங்கத் தண்ணீரின் வேகத்தில் மீன்கள் துண்டு துண்டாகின்றன. அவசரமாகப் போகும் குழுக்கள் இதைத் தவறவிடும். திருமாலைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எட்டுப் பேர் ஒரே வரிசையில் நின்று இதைப் பார்க்க இருபது நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். கல்லைத் தொட வேண்டாம், பல நூற்றாண்டுக் கைகள் ஏற்கனவே சில இடங்களைக் கறுப்பாகப் பளபளக்க வைத்திருக்கின்றன.

மேற்குப் பிராகாரத்தில் குருட்சேத்திரமும் இலங்கைப் போரும் இருக்கின்றன. அவற்றுக்குப் பிற்பகல் வெளிச்சம்தான் பொருத்தம், வேறொரு நாள் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். குருட்சேத்திரத்தில் அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரை வழிகாட்டி சொல்வதற்கு முன் நீங்களே தேடிக் கண்டுபிடிக்கப் பாருங்கள். சிற்பங்களை வரிசையாகப் பார்க்க விரும்பினால் நம் வழக்கப்படி வலம் வரக் கூடாது, இங்கே ஓட்டம் அப்பிரதட்சிணம். இது ஈமச் சடங்கின் திசை என்றும், இதைக் கட்டிய அரசன் இரண்டாம் சூரியவர்மனின் நினைவுக்கோயிலாக இருக்கலாம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று என்றும் ஆய்வாளர்கள் சொல்வார்கள்.

மேலே பாக்கான் எனும் உச்சித்தளம். படி செங்குத்து, 12 வயதுக்குட்பட்டவர்களை விட மாட்டார்கள், பௌத்தப் புனித நாள்களில் மூடியிருக்கும். மாதத்துக்கு நான்கு முறை அப்படி வரும். முன்பதிவுக்கு முன் தேதியைச் சரிபார்க்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். தோளும் முழங்காலும் மூடாவிட்டால் வரிசையிலிருந்து வெளியேற்றுவார்கள். துப்பட்டாவைத் தோளில் போர்த்திக்கொண்டால் போதாது, கையுள்ள சட்டை வேண்டும்.

மற்ற இரண்டு நாள்

அங்கோர் தோம் நகரின் தெற்கு வாசலில் பாலத்தின் ஒரு பக்கம் தேவர்கள், மறுபக்கம் அசுரர்கள் நாகத்தைப் பிடித்து நிற்கிறார்கள். முதல் நாள் சுவரில் பார்த்த கதையே இங்கே சாலையாக நிற்கிறது. வேனை வாசலுக்கு முன்பே நிறுத்தச் சொல்லி நடந்து போங்கள். பாயோனில் கோபுரங்களில் செதுக்கிய பெரிய முகங்களோடு திரும்பிவிடாமல் கீழ்ப் பிராகாரத்தையும் பாருங்கள்: சந்தை, சேவல் சண்டை, அண்டை நாட்டுச் சாம் மக்களோடு நடந்த படகுப் போர். மரவேர் கவ்விய தா ப்ரோம் 7.30க்குத் திறக்கும்போதே போனால் ஒழிய, படம் எடுக்க வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பந்தேய் ஸ்ரீ ஊரிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். கி.பி. 967இல் பிரதிட்டை செய்த சிவன் கோயில், சிவந்த மணற்கல். உள்வட்டத்துக்குக் கயிறு கட்டியிருப்பதால் சின்னத் தொலைநோக்கி ஒன்று குழுவுக்குப் போதும். தெற்கு நூலக மண்டபத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையைத் தூக்குகிறான். கிழக்குக் கோபுர முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலருகே வற்றிய மார்போடு உட்கார்ந்திருக்கும் பெண் உருவத்தைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் பலர் அடையாளம் காண்கிறார்கள். வழிகாட்டி கடந்து போய்விட்டால் நீங்களே நிறுத்திக் கேளுங்கள். தமிழ்க் குழுவுக்கு இதைவிட முக்கியமான கல் அங்கோரில் வேறில்லை.

தடுக்கி விழும் இடங்கள்

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பத்தரை மணிக்கு மேல் வெயிலிலிருந்து விலகல், மூன்று மணிக்கு மீண்டும் கிளம்புதல். இதை மீறும் குழுதான் இரண்டாம் நாள் தலைவலியோடு அறையில் படுக்கும். தேய்ந்த மணற்கல் படி மழையில் வழுக்கும், செருப்பு வேண்டாம். சைவ உணவு என்று சொன்னால் மட்டும் போதாது. மீன் சாறும் பிராஹோக் எனும் மீன் விழுதும் காய்கறிக் குழம்பிலும் சேரும், இரண்டும் வேண்டாம் என்று வழிகாட்டி மூலம் பெயர் சொல்லிக் கேளுங்கள். தேக்காவில் வாங்கிய பருப்புப் பொடி ஒரு பாக்கெட் பையில் இருந்தால் மூத்தவர்களுக்குத் தைரியம். அஞ்சலட்டை விற்கும் பிள்ளைகளிடம் வாங்காதீர்கள், அது அவர்களைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திவைக்கும்.

2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். திரும்பும் நாளில் விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாக விடுதியை விட்டுக் கிளம்புங்கள். அன்றைக்குக் கோயில் எதுவும் வைக்காதீர்கள்.