வளைந்த ஃபாயில் கார்டும் போட்டியும்

வீட்டில் நண்பர்களோடு போக்கிமான் கார்டு ஆடும்போது, வளைந்த ஃபாயில் கார்டை (பளபளக்கும் படலம் ஒட்டிய கார்டை) யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போட்டியில் அப்படியில்லை. ஃபாயில் படலம் ஈரத்தை இழுக்காது, அடியில் உள்ள தாள் இழுத்து விரியும். சென்னையின் ஐப்பசி மழைக்காற்றில் கார்டு படம் உள்ள பக்கமாகக் குழிந்துவிடும். கவிழ்த்து வைத்தாலும் அது எது என்று தெரிந்தால், குறி வைத்த கார்டு என்று நடுவர் தண்டனை கொடுக்கலாம்.

முந்தின நாளே கட்டின் 60 கார்டையும் ஸ்லீவோடு (கார்டைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையோடு) கலைத்து, பார்க்காமல் பத்து முறை கட்டை இரண்டாகப் பிரித்து வெட்டுங்கள். திரும்பத் திரும்ப ஃபாயில் கார்டு இருக்கும் இடத்திலேயே கட்டு பிரிந்தால், அதே கார்டின் சாதாரணப் பதிப்பைப் போடுங்கள், அதுதான் பத்திரம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஓரளவு நிமிரும், அதிகம் காய்ந்தால் எதிர்ப்பக்கம் வளையும். கிழிந்த ஸ்லீவ் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றாதீர்கள், அதன் பளபளப்பே காட்டிக்கொடுக்கும். அறுபதையும் சேர்த்து மாற்றுங்கள்.