கலிஃபோர்னியாவில் புல் வெட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறதா?

மார்ச்சில் இங்கே மலைச்சரிவெல்லாம் கடுகுப் பூவும் காட்டு ஓட்ஸுமாகக் கண்ணைப் பறிக்கும். மே முடிவதற்குள் எல்லாம் காய்ந்து சருகாகிவிடும். 1991 அக்டோபரில் ஓக்லாண்ட் மலையில், முந்தைய நாள் அணைத்த புல்தீ மறுநாள் காற்றில் மறுபடி பற்றிக்கொண்டது. வீடுகளுக்கு நடுவே 25 பேர் இறந்தார்கள். அதனால் 'வீட் அபேட்மென்ட்' (களை அகற்றல்) என்று உள்ளூர் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தால் மேசையில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

முதலில் கடைசித் தேதியைப் பாருங்கள். ஊருக்கு ஊர் இது மாறும். நாமே வெட்டுகிறோமா, அவர்கள் வெட்ட வேண்டுமா என்று கேட்டு ஒரு படிவம் இருந்தால், நிரப்பி அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது எல்லை. நான் தவறியது இங்கேதான். வேலிக்குள் இருந்த புல்லை ஒரு சனிக்கிழமை முழுக்க வெட்டினேன். பின்வேலிக்கு வெளியே சாலை வரை இறங்கும் சரிவு ஊர் நிலம் என்று நினைத்திருந்தேன். அதுவும் என்னுடையதுதான். பார்வையிட வந்தவர் இடுப்பளவு காட்டு ஓட்ஸைப் பார்த்து 'சரியில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். சோதனைக் கட்டணம் சொத்து வரி பில்லோடு வந்தது. அவர்களே ஆள் வைத்து வெட்டியிருந்தால் அந்தக் கூலியும் நிர்வாகச் செலவும் அதே பில்லில் ஏறியிருக்கும்.

எனவே கடிதத்தில் இருக்கும் ஏபிஎன் எண்ணை (உங்கள் மனையின் அடையாள எண்) வைத்து, கவுன்டி அசெஸர், அதாவது மாவட்டச் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் மனை வரைபடத்தை எடுங்கள். அதில் பக்க அளவுகள் அடிக்கணக்கில் இருக்கும். டேப் பிடித்து, வேலி உங்கள் எல்லைக்கு உள்ளே தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். அந்த வரைபடம் வரிக்காகப் போட்டது, சர்வே அல்ல. ஆனால் புல் வெட்ட அது போதும். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள மண் பட்டையும் பல ஊர்களில் வீட்டுக்காரர் பொறுப்புதான்.

இனி வெட்டு. தீ அபாயப் பகுதிகளில் மாநில விதி வீட்டைச் சுற்றி 100 அடி வரை, அல்லது உங்கள் எல்லை வரை. புல் 4 அங்குலத்துக்கு மேல் நிற்கக் கூடாது. உதிர்ந்த சருகு 3 அங்குலத்துக்கு மேல் சேரக் கூடாது. புகைபோக்கியிலிருந்து 10 அடிக்குள் மரக்கிளை இருக்கக் கூடாது.

புல்வெளி மோவரைச் சரிவுக்குக் கொண்டுபோகாதீர்கள். இரும்பு பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்கும். பேட்டரி வீட் வேக்கர் (கையில் பிடித்துப் புல் வெட்டும் கருவி), அதில் பிளேடுக்குப் பதில் நைலான் கயிறு, இதுதான் என் தேர்வு. காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். காற்றடிக்கும் நாளில் தொடவே வேண்டாம். தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பூட்ஸ் கட்டாயம். ஃபாக்ஸ்டெயில் என்ற காட்டுப்புல் விதையின் முள் ஒரு பக்கமாகத்தான் நகரும். காலுறையில் ஏறினால் உள்ளேதான் போகும். நாய் இருந்தால் காதையும் விரலிடுக்கையும் அன்றிரவே பாருங்கள்.

சீக்கிரமே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப வளர்ந்துவிடும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு வெட்டி, எல்லா மூலையிலிருந்தும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கோடை முடியும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: களைக்கொல்லி அடித்தால் போதுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போதாது. செத்து நிற்கும் புல்தான் வேகமாக எரியும். வெட்டி அகற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று: அதிக தீ அபாயப் பகுதியில் வீட்டை விற்பவர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து, இந்தச் சுத்தம் விதிப்படி இருப்பதற்கான சான்று தேவை. விற்கும் எண்ணம் இருந்தால் சோதனைக்கு முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

ஆடு விடலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. இங்கே பூங்காத் துறைகளே செங்குத்தான சரிவுகளில் ஆடு மேய்க்கின்றன, வாடகைக்கும் கிடைக்கும். சின்ன மனைக்குக் கட்டுப்படியாகாது; அக்கம்பக்கம் நாலு வீடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள்.