என்ன வேலை என்று கேட்டவரிடம் பதவியைச் சொல்லாதீர்கள்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் “தம்பி என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று கேட்டால், சாம்பார் வாளி நம் வரிசைக்கு வருவதற்குள் பதில் முடிந்துவிட வேண்டும். அவருக்கு அவ்வளவுதான் பொறுமை, அது நியாயமும்கூட. ஆனாலும் பலருடைய பதிலைக் கேட்டவர்கள் “அப்படியா, நல்லது” என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கப் போய்விடுகிறார்கள். ஒன்றும் விளங்கவில்லை என்பதன் மரியாதையான வடிவம் அது.

வேலையைக் கேட்டவரிடம் பதவியைச் சொல்வதுதான் இதற்கு முதல் காரணம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் என்று ஒரு வேலை உண்டு. ஊருக்குள் அந்தப் பெயரே போதும், “எந்த பையருக்குப் பார்க்கிறீர்கள்?” என்று அடுத்த கேள்வி வந்துவிடும். பையர் என்றால் ஆர்டர் கொடுத்து வாங்குபவர். மன்னார்குடியிலிருந்து வந்திருக்கும் பெரியப்பாவிடம் அதையே சொன்னால், துணிக்கடை வைத்திருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

இது தெரிந்தவர்கள் மறுபக்கம் போய் விழுகிறார்கள். நூல் வாங்குவது, நிட்டிங், சாயம், நிறம் சரியா என்று பார்க்க பையருக்கு அனுப்பும் லேப் டிப், அளவுக்கு சைஸ் செட், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று கம்பெனி முழுவதையும் சுற்றிக் காட்டுகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் எது உங்கள் கையில் இருக்கிறது? சாயம் போடுவது நீங்களா, தைப்பது நீங்களா? பெரியப்பா குழம்பிப்போவதில் வியப்பில்லை.

உங்களிடம் வருபவர்கள் எதைக் கேட்டு வருகிறார்கள், நீங்கள் கோட்டை விட்டால் என்ன கெடும் என்ற இரண்டை மட்டும் சொல்லிப் பாருங்கள். “வெளிநாட்டுக் கடைக்காரர்கள் நம்மிடம் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுப்பார்கள். கேட்ட நிறத்தில், கேட்ட அளவில், சொன்ன தேதிக்குள் கப்பலில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். வரும் லாபம் அந்தச் செலவுக்கே போய்விடும்.” கேட்பவர் நிமிர்வது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான். லேப் டிப்பும் சைஸ் செட்டும் அவர் மேலே கேட்டால் வரட்டும்.

மயக்க மருந்து நிபுணர்களுக்கும் இதே சங்கடம். ஊசி போட்டுவிட்டுப் போய்விடுபவர் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். “அறுவை சிகிச்சை முடிந்து நோயாளி விழிக்கும்வரை மூச்சும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சீராக இருக்கின்றனவா என்று உடனிருந்து கவனிப்பவன்” என்று சொன்னால் அந்த எண்ணம் அங்கேயே போய்விடும்.

யாருக்கும் தெரியாத பதவிப் பெயரைவிட எல்லோருக்கும் தெரிந்த பெயர் அதிகம் படுத்தும். அரசுத் தணிக்கைத் துறையில் இருப்பவர் “ஆடிட்டர்” என்று மட்டும் சொல்லிவைத்தால், ஜூலை மாதம் உறவினர்கள் சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் நிற்பார்கள். “அரசு அலுவலகங்கள் செலவழித்த பணம் விதிப்படிதான் செலவானதா என்று பார்க்கும் வேலை, வருமான வரிக் கணக்கு எங்களிடம் வராது” என்று அந்தப் பின்பாதியையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. எதைச் செய்வதில்லை என்பதைச் சொல்ல வேண்டிய வேலைகள் சில உண்டு.

கம்பெனி பெயரை மட்டும் சொல்வதும், “ஐ.டி.யில் இருக்கிறேன்” என்று முடித்துக்கொள்வதும் எந்தக் கட்டடத்துக்குள் போய்வருகிறீர்கள் என்பதைத்தான் சொல்கின்றன. அலுவலகத்துச் சுருக்கெழுத்துகளை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். மேலாளரைப் பற்றிய புலம்பலையும்தான்; முதல் சந்திப்பில் அதைக் கேட்டவர் உங்கள் வேலையை மறந்து சலிப்பை மட்டும் நினைவில் வைத்திருப்பார்.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது “சும்மா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறேன்” என்ற பதில். அடக்கம் என்று நினைத்துச் சொல்கிறார்கள். விளக்கினாலும் உங்களுக்குப் புரியாது என்பதாகவே அது கேட்பவர் காதில் விழுகிறது. வங்கிச் செயலியில் பணம் அனுப்பும்போது ஒருவருக்குப் போக வேண்டியது இரண்டு முறை போய்விடாமல் சோதித்துப் பார்ப்பவர் அதை அப்படியே சொல்லலாம். கைப்பேசியில் பணம் அனுப்பும் எவருக்கும் அது விளங்கும்.

வரன் பார்க்கும் இடத்தில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவராக இருப்பவர், “டீமையே பார்த்துக்கொள்கிறார்” ஆகிவிடுவார். பெண் வீட்டிலும் அதே துறையில் ஒருவர் இருக்கக்கூடும். அவருடைய இரண்டாவது கேள்விக்கே ஏற்றிச் சொன்னது இறங்கிவிடும்.

கடைசியாக, உங்கள் வேலையை அதிகம் பேருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர் அநேகமாக உங்கள் அம்மாதான். அவரிடம் அதை ஒரு முறையாவது விளக்கிச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால், அவர் இத்தனை நாளும் அக்கம்பக்கத்தில் என்ன சொல்லிவருகிறார் என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.