ஆம்ப்ளிஃபயர் ரெடி, பெட்டி எங்கே? முதல்முறை ரேக் கேபினெட் வாங்குபவர்களுக்கு

போர்டு பாடிவிட்டது. மேஜையில் ட்ரான்ஸ்பார்மர் ஒரு பக்கம், ஹீட் சிங்க் ஒரு பக்கம், நடுவில் ஒயர் காடு என்று விரித்துப் போட்டு, பழைய ஸ்பீக்கரில் ஒரு பாட்டுக் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். அந்த மிதப்பில் கடைக்குப் போய், முதலில் கண்ணில் பட்ட பளபள கேபினெட்டை வாங்கி வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். 2 யூ உயரம் (யூ என்பது ரேக்கின் உயர அளவு, கணக்கு படி 2இல்), கறுப்பு பவுடர் கோட்டிங், முன்னால் இரண்டு கைப்பிடி, பார்த்தால் கம்பெனி ஐட்டம் மாதிரியே இருக்கும். நண்பரின் சவுண்ட் சர்வீஸ் ரேக்கில், அதாவது கருவிகளை அடுக்கி மாட்டும் சட்டத்தில், முன்பக்கம் நாலே போல்ட் போட்டு மாட்டி, குட்டியானையில் ஏற்றித் திருவிழாவுக்கு அனுப்பினோம். ஊர் போய் இறக்கும்போது ஆம்ப்பின் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. காது (ரேக்கில் போல்ட் போடும் முன் தகட்டின் ஓரம்) மடங்கி, அடித்தகடு தொட்டில் மாதிரி குழிந்து, ட்ரான்ஸ்பார்மர் சாய்ந்து போர்டில் முட்டிக்கொண்டு நின்றது. யாரும் பிளக்கைச் செருகவில்லை என்பதுதான் அன்றைய அதிர்ஷ்டம்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் கேபினெட் பார்க்கும் வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்பை எடுத்துக்கொள்கிறேன்: 5200–1943 ட்ரான்சிஸ்டர் ஜோடி போட்ட இரண்டு போர்டு, 25-0-25 வோல்ட் டொராய்டு (வளைய வடிவ ட்ரான்ஸ்பார்மர்), கிட்டத்தட்ட பிளஸ் மைனஸ் 35 வோல்ட் சப்ளை, 8 ஓம் ஸ்பீக்கர்.

படி 1: ட்ரான்ஸ்பார்மரை எடை போடுங்கள்

ட்ரான்ஸ்பார்மர் கையில் வராமல் கேபினெட் வாங்கவே வாங்காதீர்கள். 300 விஏ திறனுள்ள டொராய்டு ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ வரும், 500 விஏ என்றால் நாலு கிலோவைத் தாண்டும். ஹீட் சிங்க், கெப்பாசிட்டர், கேபினெட் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 8 முதல் 10 கிலோ ஆகிவிடும். சமையலறைத் தராசு போதும், ஒவ்வொன்றாக வைத்து எழுதிக்கொள்ளுங்கள். டொராய்டின் விட்டம், உயரம் இரண்டையும் அளந்து, மேலும் கீழும் வரும் ரப்பர் பேட், மேல் தட்டு, நட்டு தலை எல்லாம் சேர்த்து உயரத்தைக் குறியுங்கள். இந்தத் தாளும் ஒரு டேப்பும் இல்லாமல் கடைக்குப் போவது வீண் அலைச்சல்.

படி 2: எத்தனை யூ?

ரேக் அளவு என்பது 1920களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களுக்காக ஏடி அண்ட் டி வகுத்த கணக்கு. நூறு வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது. 1 யூ என்றால் 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். 2 யூவுக்கு 88.9, 3 யூவுக்கு 133. பக்கத்துக் கருவியோடு உரசாமல் இருக்க முன் தகட்டை இதைவிட அரை, முக்கால் மில்லிமீட்டர் குறைத்தே வெட்டுவார்கள், அது குறையில்லை.

1 யூவை மறந்துவிடுங்கள், நம்ம டொராய்டு அதற்குள் போகாது. 2 யூவுக்குள் தகட்டுத் தடிமன் போக 85 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். 300 விஏ டொராய்டு 60 மில்லிமீட்டர் சுற்றி வருவதால் உட்கார்ந்துவிடும், 80 மில்லிமீட்டர் ஃபேனும் இழுத்துப் பிடித்து நுழையும். 500 விஏ போட்டால் நட்டின் நுனிக்கும் மூடிக்கும் இடைவெளி சுருங்கிவிடும். அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்று தெரிந்துகொள்ளுங்கள். டொராய்டின் நடு போல்ட் அடித்தகட்டில் இறுகியிருக்கும்போது அதன் மேல் நுனி மூடியைத் தொட்டால், போல்ட், மூடி, பக்கத் தகடு, அடித்தகடு எல்லாம் சேர்ந்து டொராய்டின் இரும்பு வளையத்தை (கோர்) சுற்றி ஒரு முழுச் சுற்று ஆகிவிடும். ஒரே சுற்று உள்ள செகண்டரிச் சுருளை ஷார்ட் பண்ணினது மாதிரி. கரன்ட் கன்னாபின்னாவென்று பாயும், ஃப்யூஸ் போகும், ஃப்யூஸ் சரியாக இல்லாவிட்டால் ட்ரான்ஸ்பார்மரே போகும். மூடியைக் கையால் அழுத்தினாலும் போல்ட்டைத் தொடக் கூடாது, ஒரு சென்டிமீட்டராவது விடுங்கள்.

முதல்முறை செய்பவர் யார் கேட்டாலும் நான் 3 யூ என்றுதான் சொல்வேன். அழகு கொஞ்சம் குறைவுதான், ஆனால் கை உள்ளே நுழையும், 120 மில்லிமீட்டர் ஃபேன் வைக்கலாம், பலத்துக்கும் அதுதான் நல்லது. காரணம் அடுத்த படியில்.

படி 3: பலம் பார்ப்பது

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஆம்ப் 10 கிலோ, அதன் எடைமையம் முன் தகட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது என்று வையுங்கள். 2 யூ தகட்டில் மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் இடையே 7.6 சென்டிமீட்டர். பின்னால் தாங்கல் இல்லாமல் முன்னால் மட்டும் மாட்டினால், மேல் போல்ட் இரண்டும் சேர்ந்து சுமார் 26 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். 3 யூ என்றால் அந்த இடைவெளி 12 சென்டிமீட்டர், இழுவை 17 கிலோவுக்குள் இறங்கிவிடும். இது ரேக் அசையாமல் நிற்கும்போது. வேகத்தடையில் வண்டி குதித்தால் எத்தனை மடங்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் முன் தகடு அலுமினியமாக இருந்தால் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள், 4 என்றால் நிம்மதி. காது தனியாக ஒட்டவைத்ததா, முன் தகட்டோடு ஒரே துண்டா என்று கவனியுங்கள். ஒரே துண்டுதான் வேண்டும். தனிக் காது என்றால் பாடியின் பக்கத் தகட்டில் குறைந்தது மூன்று ஸ்க்ரூ பிடித்திருக்க வேண்டும்.

பாடி தகடு எத்தனை கேஜ் என்று கேளுங்கள். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்: 20 கேஜ் 0.9 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 16 கேஜ் 1.6. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும், அதனால் 20க்கும் 18க்கும் உள்ள அந்த 0.3 மில்லிமீட்டரே விறைப்பை இரண்டு மடங்குக்கு மேல் தூக்கிவிடும். இரும்பு என்றால் 18 கேஜைவிட மெல்லிய தகட்டுக்கு இறங்காதீர்கள், அடித்தகடு 16 என்றால் நல்லது. அலுமினியம் இலகு, துருப்பிடிக்காது, டிரில் போடுவதும் சுலபம், ஆனால் 1.2 மில்லிமீட்டர் இரும்பின் விறைப்பு வேண்டுமென்றால் அலுமினியம் 1.7 மில்லிமீட்டராவது வேண்டும்.

கடைக்காரர் சொல்லும் கேஜை அப்படியே நம்ப வேண்டாம், பவுடர் கோட்டிங் போட்டால் மெல்லிய தகடும் கனமாகத்தான் தெரியும். வெர்னியர் இருந்தால் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் மூடியைக் கழற்றிவிட்டு மூன்று சோதனை செய்யுங்கள். கண்ணாடி மேஜையில் வைத்து நாலு மூலையையும் அழுத்திப் பாருங்கள், ஒரு மூலை ஆடினால் பெட்டி முறுக்கியிருக்கிறது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து லேசாக முறுக்குங்கள், துணி பிழிவது மாதிரி வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக, அடித்தகட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். டிக் டிக் என்று உள்ளே வெளியே போகிறதென்றால் அங்கேதான் உங்கள் ட்ரான்ஸ்பார்மர் உட்காரப் போகிறது, ஞாபகம் இருக்கட்டும். ஓரங்களை உள்பக்கம் மடித்து, முன்னும் பின்னும் எல் ஆங்கிள் ஓடவிட்ட பெட்டி இந்த மூன்றிலும் தேறும்.

எவ்வளவு பலமான பெட்டியானாலும் 5 கிலோவுக்கு மேல் போனால் பின்பக்கமும் தாங்கல் கொடுங்கள். பின் காது, அல்லது ரேக்கில் இரண்டு பக்கமும் எல் ஆங்கிள் தண்டவாளம். இதற்கு ஆகும் செலவு ஒரு டீக்கடைக் கணக்குதான்.

படி 4: அகலம்

ரேக் முன் தகடு 482.6 மில்லிமீட்டர், அதுதான் 19 அங்குலம். இடப்பக்க ஓட்டைக்கும் வலப்பக்க ஓட்டைக்கும் நடுவிலிருந்து நடு 465. ரேக்கின் முன் தூண்களுக்கு நடுவே பெட்டி நுழையும் வழி 450 மில்லிமீட்டர்தான். ஆக, பாடி 440க்குள் இருந்தால் நல்லது. பக்கவாட்டில் ஸ்க்ரூ தலை நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். பாடியே 19 அங்குலம் இருக்கும் கேபினெட்டை "19 இன்ச் சார்" என்று காட்டுவார்கள், அது டிவி ஸ்டாண்டுக்குத்தான் ஆகும்.

ரேக்கில் சதுர ஓட்டை இருந்தால் அதில் செருகும் கூண்டு நட்டு வாங்க வேண்டும். கடையில் அதற்கும் கேஜ் நட் என்றுதான் பெயர், தகட்டு கேஜோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 5: சூடு

பிளஸ் மைனஸ் 35 வோல்ட், 8 ஓம் என்றால் ஒரு சேனலில் அதிகபட்சம் 31 வாட் சூடாகப் போகும். சப்ளையின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, 9.87ஐ (பையின் வர்க்கம்) ஓமால் பெருக்கி வந்ததால் வகுத்தால் கிடைக்கும் கணக்கு இது. 4 ஓம் போட்டால் அப்படியே இரட்டிப்பு. இரண்டு சேனலுக்கு 62 வாட், மே மாதம் 40 டிகிரி, ஹீட் சிங்க் 75ஐத் தாண்டக் கூடாது என்றால் வாட்டுக்கு 0.56 டிகிரிக்கு மேல் சூடேறாத ஹீட் சிங்க் வேண்டும். ஃபேன் இல்லாமல் இது பெரிய துண்டு. பாட்டு எப்போதும் இந்த அளவுக்குச் சூடாக்காது, ஆனால் நாதஸ்வரமும் தவிலும் இரவு முழுக்க ஓடும் இடத்தில் சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டு ஆம்ப்களில் ஹீட் சிங்கையே பக்கச் சுவராக வைப்பார்கள். ரேக்கில் அது உதவாது, பக்கம் இரண்டும் அடைபட்டுவிடும், மேலே இன்னொரு கருவி உட்கார்ந்துவிடும். அதனால் மூடியில் உள்ள ஓட்டைகளைப் பார்த்து மயங்காமல், முன்னால் காற்று நுழையவும் பின்னால் ஃபேன் வெளியே தள்ளவும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காற்று ஹீட் சிங்க் இதழ்களுக்கு நடுவே போகிற மாதிரி வைக்க வேண்டும். ஒரே ரேக்கில் எல்லாக் கருவியும் ஒரே திசையில் ஊதட்டும்.

படி 6: எர்த்

பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. அனோடைஸ் செய்த அலுமினியத்தின் மேற்பரப்பும் கடத்தாது. இதனால் பெட்டி ஒரே உலோகமாகத் தெரிந்தாலும் மூடி, முன் தகடு, அடித்தகடு எல்லாம் தனித்தனித் தீவாக இருக்கலாம். எர்த் ஒயர் வரும் இடத்தில் பெயின்ட்டைப் பளிச்சென்று சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு, அதற்கென்றே தனி போல்ட்டில் இறுக்குங்கள். ட்ரான்ஸ்பார்மர் போல்ட்டிலேயே எர்த்தையும் மாட்டும் சோம்பேறித்தனம் கூடாது. மூடி ஸ்க்ரூ இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் உள்பக்கம் சுரண்டுங்கள். பிறகு மல்டிமீட்டரில் எர்த் பின்னிலிருந்து ஒவ்வொரு தகட்டுக்கும் வைத்துப் பாருங்கள், மீட்டர் லீடுகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவுதான் வர வேண்டும். எர்த் பின் இல்லாத இரண்டு பின் கார்டு போட்ட ஆம்ப்பை நான் என் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

படி 7: வாங்குவதா, செய்வதா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் ரெடிமேட் கேபினெட் பார்க்கலாம், மேலே சொன்ன சோதனைகளை அங்கேயே செய்யுங்கள், கூச்சப்படாதீர்கள். பழைய இரும்பு, கணினி ஸ்கிராப் கடையில் 3 யூ, 4 யூ சர்வர் பெட்டி கிடைத்தால் யோசிக்காமல் தூக்கிவிடுங்கள். தகடும் மடிப்பும் நல்ல தரம், ஆழம்தான் சில நேரம் நம் ரேக்கைவிட அதிகமாகிவிடும். எனக்குப் பிடித்த வழி மூன்றாவது: ஊரில் உள்ள பீரோ பட்டறை. அட்டையில் அளவு வெட்டி, மடிக்கும் கோட்டைக் குறித்துக் கொடுத்தால் 16 கேஜில் அழகாக மடித்து ஸ்பாட் வெல்டிங் அடித்துத் தருவார்கள். வெளி அளவா உள் அளவா என்று தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மூன்று மில்லிமீட்டர் எங்கேயாவது காணாமல் போகும்.

பெட்டி வந்ததும் எல்லா ஓட்டையையும் போட்டு, துருவலைத் துலக்கி, கவிழ்த்துத் தட்டி, அதன் பிறகே போர்டுகளை உள்ளே இறக்குங்கள். முதல் ஆன் எப்போதும் 100 வாட் குண்டு பல்பை மெயின் ஒயரில் சீரியஸாக (ஆம்ப்புக்குப் போகும் கரன்ட் பல்பு வழியாகவே போகும்படி) போட்டுத்தான். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் மூடியைப் போடலாம். மூடியை இறுக்கிய பிறகு அதே பல்பில் இன்னொரு முறை ஆன் செய்யுங்கள். இப்போது பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி அந்த டொராய்டு போல்ட்டைப் பாருங்கள்.